பாஸ்போர்ட்டை வாங்கி வைக்காத ஏஜென்ட்

குடியேற்ற ஆலோசகர் தேர்வில் தேறி, உரிமத்தைச் சுவரில் மாட்டி, இன்றுதான் தண்டையார்பேட்டையில் ஆபீஸ் திறந்தேன்.

முதலில் வந்தவர் ராயபுரத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, வெளிநாடு போகவிருக்கும் வெல்டர் மகனோடு. பேசி முடித்ததும் மகனின் பாஸ்போர்ட்டை அக்கா மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“சட்டப்படி நான் வச்சிக்கக் கூடாதுக்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“இன்னா கண்ணு, வாங்கி வச்சிக்காத ஏஜென்ட்ட நா பார்த்ததே இல்ல. இவன் அப்பாவோடத வாங்கினவன் அதோட ஓடியே பூட்டான்.”

அக்கா பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார். மகனின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார்.

“செரி, இத்த நா வச்சிக்கறேன். புள்ளைய நீ பார்த்துக்க.”

ஆளை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தேர்வில் கேட்கவேயில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.