ஷரஃபுதீன் பாய் குடித்த முதல் டம்ளர்

பழைய பித்தளை ஃபில்டர் ஒன்றை ஈயம் பூசுவதற்காகக் கரி நெருப்பின் மேல் வைத்துத் துருத்தியை இரண்டு அழுத்து அழுத்தினால், அந்த வீட்டில் ஒரு வருஷமாகக் குடித்த காப்பியெல்லாம் வாசனையாக எழுந்து வரும். ஷரஃபுதீனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். துருத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் ஏதோ தொழுகை என்று நினைத்து ஒதுங்கிப் போவதும் உண்டு.

1933இல் அவருக்கு நாற்பது வயது. வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்து ஒன்றில். தொழில் மாட வீதிகளில். வீட்டு வாசலோரம் சின்னக் குழி தோண்டி, கரி மூட்டி, பாத்திரத்தைப் புரட்டிப் புரட்டிச் சுடவைத்து, நவச்சாரப் பொடி தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பித்தளை வெள்ளியாகிவிடும். வீட்டுக்காரர்கள் அதன்மேல் இரண்டு கை தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப் போவார்கள். அவர் தொட்ட தீட்டை நெருப்பு தின்றுவிடுமாம். சரி, காப்பியும் கொதிக்கக் கொதிக்கத்தானே இருக்கிறது, அந்தச் சூடு ஏன் தீட்டைத் தின்னவில்லை? இதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பஞ்சாங்கம் பார்க்க உள்ளே போய்விடுவார்கள்.

ஷரஃபுதீனே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்தில் ஒரு காப்பி கிளப்பில் அறுபது டம்ளருக்கு ஈயம் பூசி முடித்துவிட்டு, ஒரு காப்பி கேட்டார். பரிமாறுகிறவன் வாசலுக்கு வந்து, மூலையில் தனியாகக் கிடந்த தகரக் குவளையில் தோள் உயரத்திலிருந்து ஊற்றினான்.

"அந்த ஓரமா நின்னு குடிச்சுட்டு, அலம்பி வெச்சுட்டுப் போ."

"உள்ள கீற அறுபது டம்ளரும் நா பூசுனதுதானே சாமி? அதுல ஒண்ணுல குடேன்."

"பூசறது வேற, குடிக்கறது வேற."

ஷரஃபுதீன் குவளையைத் தொடவில்லை. உட்காரவைத்து, எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரில் கொடுத்தால் காப்பி; இல்லாவிட்டால் வாசனையே போதும். அன்றைக்கு எடுத்த முடிவு அது. அதை நினைத்து அவர் மனைவி சகினாவுக்குச் சிரிப்புத் தாங்காது.

"ஒரு மொடக்கு காப்பிக்கு இன்னாத்துக்கு இத்தினி வீம்பு? நான் சாயா போட்டுத் தரேன், குடிச்சுட்டு சும்மா கெட."

"சாயா நீ குடு. வேணாம்னா சொன்னேன்? காப்பி அவுங்கதான் குடுக்கணும்."

"குடுப்பாங்க, குடுப்பாங்க. தாடி நரைச்சு, பல்லு வுழுந்தப்புறம் குடுப்பாங்க."

தெற்கு மாட வீதியில் சுந்தரராமன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். கூட்டங்களில் சமத்துவத்தைப் பற்றி அவர் பேசினால் மேஜை அதிரும். அந்த அதிர்ச்சி அவர் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்து சேரவில்லை. வருஷா வருஷம் ஷரஃபுதீன் அங்கே ஈயம் பூச வருவார். வாத்தியாரின் மனைவி காமாக்ஷி சொம்பும் கையுமாக வாசலுக்கு வருவாள். அவர் வேண்டாம் என்பார். அந்த வருஷம் பெண் ஜானுவைப் பார்க்க வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்காக முந்தின நாளே பாத்திரங்களுக்கெல்லாம் ஈயம். கடைசியாக விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய ஃபில்டர் மட்டும் நெருப்பில் இருந்தது. காமாக்ஷி வந்து நின்றாள்.

"பாய், உம்ம லோட்டாவை இப்படி வையும். காப்பி விடறேன்."

"வேணாம்மா."

"ஒவ்வொரு தரமும் இதே பாட்டு. காப்பி பிடிக்காதோ?"

"ரொம்பப் புடிக்கும். அதான் வேணாங்கறேன்."

"இதென்ன பேச்சு!"

"எங்க ஊட்டுக்கு நீங்க வந்தா, உங்கள வாசல்ல நிக்கவெச்சு மேலேர்ந்து ஊத்துவனாம்மா? ஒக்காரச் சொல்லிக் குடுப்பேன்."

"நான் உம்மாத்துக்கு எதுக்கு வரப்போறேன்?" என்று சிரித்துவிட்டாள் காமாக்ஷி. சிரித்த பிறகு அது சரியாக இல்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். சொம்போடு உள்ளே போய்விட்டாள்.

ஷரஃபுதீனுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில் ஃபில்டரை அழுத்தித் தேய்த்தார், இறக்கிவைத்தார், சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஈயம் பூசும்போது ஃபில்டரின் அடித்துளைகள் அடைத்துக்கொள்ளும். பூசி முடித்ததும் ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். பதினைந்து வருஷத் தொழிலில் அவர் மறக்காத வேலை. அன்றைக்கு மறந்துவிட்டார்.

மறுநாள் அந்தத் தவறு ஃபில்டரை எடுத்தவர் கண்ணில் பட்டிருக்க வேண்டியது, படவில்லை. எடுத்தவர் விசேஷத்துக்கென்று அமர்த்தியிருந்த சமையற்காரர் பஞ்சாமி. ஃபில்டரைத் தூரத்தில் வைத்து மூன்று தரம் தண்ணீர் தெளித்தார், வாய்க்குள் ஏதோ சொன்னார், சுத்தமாகிவிட்டது என்று உள்ளே எடுத்துப் போனார். கவிழ்த்துப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த பொடி முழுவதையும் அதில் போட்டு, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி மூடினார்.

மாலை நான்கு மணிக்குப் பிள்ளை வீட்டார் மாம்பலத்திலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் தகப்பனார் மகாலிங்கம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தாசில்தார். காப்பி விஷயத்தில் அவர் கொடுங்கோலர். திருவல்லிக்கேணியில் துணியில் வடிகட்டிய காப்பி கொடுத்தார்கள் என்பதற்காகவே ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொன்னவர். பெண்ணின் வாழ்க்கையைத் துணியில் வடிகட்டிப் பார்க்கிற இந்த நியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம், இங்கே இடமில்லை.

பஞ்சாமி ஃபில்டரைத் திறந்தார். கீழ்ப் பாத்திரத்தில் ஒரு சொட்டு இல்லை. தட்டினார், குலுக்கினார், துடைப்பக் குச்சியை விட்டுக் குத்தினார். குச்சிதான் ஒடிந்தது.

ஐந்தாவது நிமிஷம் கச்சேரி ரோட்டுச் சந்தில் சுந்தரராமன் வாத்தியார் மேல்வேட்டி தரையில் புரள ஓடிவந்தார்.

"பாய்! காப்பி எறங்கலை!"

ஷரஃபுதீனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "யா அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டார். தம்முடைய வேலையில் தப்பு. அதுவும் ஒரு பெண்ணின் விசேஷத்தில். செருப்பைக் கூடத் தேடாமல் ஓடினார்.

கொல்லையில் கிணற்றடியில் ஃபில்டரை வைத்துவிட்டுப் பஞ்சாமி நாலடி தள்ளி நின்றார். வெந்நீரும் பொடியும் உள்ளேயே இருந்தன. பெரிய ஊசியால் குத்தினால் பொடி கொட்டிவிடும். ஷரஃபுதீன் சட்டைக் காலரில் சகினா குத்திவைத்திருந்த தையல் ஊசியை உருவினார். மேல் பாத்திரத்தைக் கந்தைத் துணியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு துளையாகக் குத்தத் தொடங்கினார். குத்திய இடத்திலெல்லாம் கறுப்பு முத்துப் போல ஒரு சொட்டுத் திரண்டது. விரல் வழியாக வழிந்து கீழே விழுந்தது. சுட்டது. அந்த வாசனையில் அவருக்குச் சூடு உறைக்கவே இல்லை.

கூடத்தில் ஜானு பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது நான்கு பாட்டு. நான்கும் முடிந்தன. காப்பி இறங்கவில்லை. முதல் பாட்டை மறுபடி எடுத்தாள். தாசில்தாரின் குரல் கொல்லை வரை கேட்டது. "இது முன்னாடியே கேட்டாப்பல இருக்கே?"

"ரொம்ப விசேஷமான கிருதி. ரெண்டு தரம் கேட்டாத்தான் ருசி தெரியும்" என்றார் வாத்தியார்.

ஒருவழியாகக் கீழ்ப் பாத்திரம் நிறைந்தது. பஞ்சாமி அதை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மாமி, இது பாய் விரல்ல வழிஞ்ச டிகாக்ஷன். கொட்டிடலாம்."

"கொட்டிட்டு? பொடி எங்க இருக்கு? உம்ம தலையையா வறுத்து அரைக்கறது?" என்றாள் காமாக்ஷி.

"ஒரு கொதி வெச்சா தோஷம் போயிடும்."

"கொதிக்க வெச்சா கஷாயம். வந்தவா ஜட்காவைத் திருப்பிண்டு போயிடுவா. பேசாம பாலை ஊத்தும்."

காப்பி என்ன ஆயிற்று என்று கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்த வாத்தியாரைப் பஞ்சாமி பார்த்தார். சமத்துவத்தைப் பற்றி மேஜை அதிரப் பேசுகிறவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "நான் எதையும் பார்க்கலை" என்றார்.

ஷரஃபுதீன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. தம் விரலில் வழிந்தது உள்ளே கூடத்துக்குப் போகிறது. தாம் கொல்லையோடு திரும்ப வேண்டும். ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்தபோது, கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஆஹா! யார் போட்ட டிகாக்ஷன் இது?"

"அடியேன்தான்" என்றது பஞ்சாமியின் குரல்.

"பொய் சொல்லாதேயும். போன மாசம் என் தம்பி ஆத்துலயும் நீர்தான் போட்டீர். அது கழுநீர். அந்த ஃபில்டரை எடுத்துண்டு வாரும்!"

ஃபில்டர் போயிற்று. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இவ்வளவு பொடிசா துளையா! அதான் இவ்வளவு கெட்டியா எறங்கியிருக்கு. எந்தக் கடையில வாங்கினது?"

வாத்தியார் பஞ்சாமியைப் பார்த்தார், பஞ்சாமி விட்டத்தைப் பார்த்தார். பாட்டை முடித்து உள்ளே போய் எல்லாம் தெரிந்துகொண்ட ஜானுதான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "கடையில இல்லை. ஈயம் பூசற பாய் போட்டார். இப்பத்தான். கொல்லையிலதான் இருக்கார்."

இப்பத்தான் என்ற சொல் தாசில்தார் காதில் விழுந்தது. தாசில்தார் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அது பாதி காலி. மீதியையும் குடித்துவிட்டுத்தான் சொன்னார். "கூப்பிடுங்கோ அவரை."

ஷரஃபுதீன் முற்றத்து ஓரத்தில் வந்து நின்றார். தாசில்தார் ஊஞ்சலில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கே மாம்பலத்துக்கு வாரும். எங்காத்து ஃபில்டருக்கும் இதே மாதிரி துளை வேணும்."

"வரேன் சாமி. ஆனா ஒண்ணு. தொளை சரியா வுழுந்திச்சான்னு காப்பி குடிச்சுப் பாத்தாதான் தெரியும். இது நல்லாகீதுன்னு நீங்க சொல்றீங்க. நா இன்னும் பாக்கல. நா குடிக்காத காப்பிக்கு நா ஜவாப்தாரி இல்ல."

"குடிச்சுப் பாரேன்யா. யார் வேண்டாம்னா?"

"மேலேர்ந்து ஊத்துனா மணம் பூடும். டம்ளர்ல வேணும். நின்னுக்கினு குடிச்சா நாக்குக்கு நெதானம் இருக்காது. ஒக்காந்து குடிக்கணும்."

பஞ்சாமி 'சிவ சிவா' என்றார். வாத்தியார் மறுபடி கண்ணை மூடப் போனார். தாசில்தார் ஃபில்டரைப் பார்த்தார், ஷரஃபுதீனைப் பார்த்தார். முப்பது வருஷம் நிலவரி வசூலித்த முகத்தில் பெரிய போராட்டம் நடந்தது. ஆசாரம் ஒரு பக்கம், நாளைக் காலைக் காப்பி ஒரு பக்கம். ஆசாரம் தோற்றுவிட்டது.

"நின்னுண்டு என்ன பார்க்கறேள் எல்லாரும்? உட்காரச் சொல்லுங்கோ!" என்று சேவகர்களை அதட்டுகிறவர் போல் அதட்டினார்.

அவர் அதட்டி முடிப்பதற்கு முன்பே காமாக்ஷி வந்துவிட்டாள். பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த அதே டம்ளர், அதே டவரா. தரையில் வைக்கவில்லை, ஷரஃபுதீன் கையில் கொடுத்தாள்.

"ஜமக்காளத்துல உட்காருங்கோ. எங்காத்துக்கு வந்திருக்கேள், குடியுங்கோ."

ஷரஃபுதீன் உட்கார்ந்தார். அவசரமே படவில்லை. டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு ஆற்று, டவராவிலிருந்து டம்ளருக்கு ஒரு ஆற்று. நுரை விளிம்பு வரை ஏறியது. டம்ளரை உதட்டில் வைத்து, நன்றாக வைத்து, உறிஞ்சினார். உறிஞ்சிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு வருஷமாக மூக்கோடு நின்றுபோயிருந்தது தொண்டையில் இறங்கியது. கசப்பு முதலில், பிறகு பால், பிறகு அடிநாக்கில் ஒரு தித்திப்பு. ஜமக்காளத்தில் கால் விரல்கள் தாமாக மடங்கின. சிரித்துவிட்டார்.

"எப்படி?" என்றார் தாசில்தார்.

"நல்லாகீது சாமி. தொளை கரெக்ட். ஆனா சிக்கரி ஜாஸ்தி, மூக்குக்குத் தெரியும்."

வாத்தியார் துள்ளி எழுந்தார். "எங்காத்துல சிக்கரியா? சுத்தப் பீபரிக் கொட்டை! காமாக்ஷி தன் கையால வறுத்தது!"

"நான் வறுத்தேன். அரைச்சது இவர்" என்று காமாக்ஷி திரும்பினாள்.

பஞ்சாமி தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். "நிறத்துக்காக... ஒரு பிடி... எல்லா ஆத்துலயும் வழக்கம்தான்..."

"எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்று தாசில்தார் இருமினார். 'ஆஹா' என்று கத்தியவர் யார் என்பதைக் கூடத்தில் எல்லோரும் மறக்கப் பெருமுயற்சி செய்தார்கள். கதவுக்குப் பின்னால் ஜானுவால் முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். தகப்பனார் முறைத்ததும் டவராவுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

"சிக்கரிதானா? நிச்சயமா சொல்றீரா?" என்று தாசில்தார் மிச்சமிருந்த மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

ஷரஃபுதீன் தாடியைத் தடவிக்கொண்டார். "இன்னொரு டம்ளர் குடிச்சா நிச்சயமா சொல்லலாம்."

காமாக்ஷி பஞ்சாமியைப் பார்த்தாள். பஞ்சாமி உள்ளே போனார். நுரை தளும்ப இரண்டாவது டம்ளரை, சூடு தாங்காமல் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்து, ஜமக்காளத்தின் ஓரத்தில் நீட்டியபடி நின்றார்.

ஷரஃபுதீன் உடனே வாங்கவில்லை. முதல் டம்ளரில் இன்னும் ஒரு மொடக்கு இருந்தது.