குரலை எடுத்துவிட்டுக் கேட்ட பாட்டு

எங்கள் ஊரில் ஈரம் காய வேண்டும் என்று நெல்லை விற்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தவர்களும் உண்டு. பாட்டுக்காக வைத்திருந்தவர் என் அப்பா ஒருவர்தான். கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அந்த வருடம் அறுவடை முடிந்து எல்லார் வீட்டு மூட்டையும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் மூட்டைகள் மட்டும் கூடத்துச் சுவரோரம் அடுக்கினபடியே இருந்தன. அப்பாவின் அபிமான இசையமைப்பாளருடைய புதுப் படத்து ஆல்பம் வரப்போகிறது, அதை அந்தக் கூடத்தில்தான் கேட்பார். வெறும் சுவர் என்றால் சத்தம் எதிரொலிக்குமாம். நெல் மூட்டை இருந்தால் எதிரொலியைக் குடித்துவிடுமாம்.

"எலி திங்கறது தெரியல, மூட்டை குடிக்கறது மட்டும் தெரியுது" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா காதில் அதெல்லாம் விழாது. அவருடைய காது உயர்ந்த விஷயங்களுக்கானது.

அப்பாவுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் சவுண்ட் சர்வீஸ்காரர், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுகிறவர். இன்னொருவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்று பேருக்கும் அந்த இசையமைப்பாளர்தான் குலதெய்வம். அவருடைய புதுப் பாட்டைச் செல்போனில் கேட்பதை அவர்கள் தீட்டாக நினைத்தார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டை எங்கள் கூடத்தில் கொண்டுவந்து இறக்குவார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மூவரும் வாய் திறக்காமல் கேட்பார்கள். பிறகு பிரித்து மேய்வார்கள். தபலா எந்தப் பக்கம் வருகிறது, வயலின் நிஜமா கீபோர்டா, எந்த இடத்தில் மிக்ஸிங் கெட்டுப்போயிற்று, எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். கல்லூரியில் படித்தபோது ஒரு விழாவில் பாடிவிட்டாள் என்று கேள்விப்பட்டு அப்பா வீட்டை இரண்டாக்கினாராம். "மைக்கப் புடிச்சிக்கிட்டு நின்னா நாளைக்கு எவன் உன்னக் கேட்டு வருவான்?" என்றாராம். பாட்டென்றால் உயிரை விடுகிற மனிதர் சொன்னது இது. அதற்குப் பிறகு அத்தை வீட்டில் பாடி யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் என் காதுக்கு மேலே மெதுவாக ஏதாவது பாடுவாள்.

நான் வளர்ந்த பிறகு அத்தையே சொன்ன ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டைப் பாடியவள் அவள்தான். வீட்டுக்குத் தெரியாமல், வேறொரு பெயரில் பாடியிருந்தாள். அடுத்த படத்துக்கும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் மன்னார்குடியிலிருந்து ஒரு வரன் பதிலுக்காகக் காத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்ட வீடு. ஆல்பம் வெளியாகிற அன்று அத்தை லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அப்பா வாயால் "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், "நான்தாண்ணே பாடுனேன்" என்று சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் வரனைத் தட்டிக் கழித்துவிடலாம், பாடவும் செய்யலாம். அதுதான் அவள் போட்டுக்கொண்டு வந்த திட்டம்.

அன்று சாயங்காலம் கூடத்தில் மூவரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நான் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அத்தை அடுப்படி வாசலில் நின்றாள். மூன்றாவது பாட்டு ஒரு பெண் குரலில் ஆரம்பித்தது. கூடவே புல்லாங்குழல். எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் திறக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால் ஆல்பம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் வாத்தியார்தான் தொடங்கினார். "மூணாவது பாட்டுதாங்க டாப்பு. ஆனா குரலைக் கொண்டாந்து ரொம்ப முன்னாடி வச்சிட்டாங்க. பின்னாடி புல்லாங்குழல் என்ன பாடுபடுது, ஒண்ணும் கேக்க விட மாட்டேங்குது."

"யாரோ புதுப்பொண்ணு. சிபாரிசுல வந்துருக்கும்" என்றார் அப்பா. "சத்தே இல்ல குரல்ல."

"அப்பா, அது அத்தைப்பா!" என்று கத்தினேன்.

மூவரும் சிரித்த சிரிப்பில் அம்மா கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கத்தை பாடுனா மாடு கட்ட அத்துக்கிட்டு ஓடும்டி" என்றார் அப்பா. அத்தையும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அப்பாவுக்கு ஒரு வித்தை தெரியும். அதை விசேஷமான பாட்டுக்குத்தான் காட்டுவார். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் ஒரு பாக்ஸைக் கழற்றிவிட்டு, இன்னொரு பாக்ஸின் ஒயர் இரண்டையும் மாற்றி, ஒன்றை இடது பக்கத்துச் சிவப்பு முனையிலும் மற்றதை வலது பக்கத்துச் சிவப்பு முனையிலும் செருகுவார். இரண்டு பக்கமும் பொதுவாக வருகிற சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். பெரும்பாலான பாட்டுகளில் அப்படிப் பொதுவாக வருவது பாடுகிறவர் குரல்தான். ஓரங்களில் இருக்கிற வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும்.

"இப்பக் கேளுங்க" என்று மூன்றாவது பாட்டை மறுபடி போட்டார்.

அத்தை டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு அப்படியே இருந்தது, பாடுகிற ஆள் மட்டும் இல்லை. புல்லாங்குழல் கூடம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. நன்றாகக் காது கொடுத்தால், எங்கேயோ கிணற்றடியில் யாரோ பாடுகிற மாதிரி லேசாக ஒரு சாயல் வந்துபோயிற்று.

"ஆகா!" என்றார் வாத்தியார். சவுண்ட் சர்வீஸ்காரர் தொடையில் தட்டினார்.

"இதாங்க பாட்டு" என்றார் அப்பா. "அந்தப் பொண்ண எடுத்ததும் எப்புடி மூச்சு விடுது பாருங்க!" பக்கத்தில் நின்ற தங்கையிடமும் கேட்டார். "என்னம்மா, வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதுண்ணே" என்றாள் அத்தை.

அப்பா இதை அப்படியே ரசிகர்கள் கூடுகிற இணையப் பக்கத்திலும் எழுதினார். குரல் இல்லாமலே நிற்கிற பாட்டு என்று தலைப்பு. எத்தனையோ பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அந்தப் பதிவு இன்னும் அங்கே இருக்கிறது. போன வருடம்தான் நான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டார். அப்புறம், "இருந்தாலும் அந்த மிக்ஸிங்ல குரல் கொஞ்சம் அதிகந்தான்" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அன்று கூட்டாளிகள் கிளம்பிப் போனதும் அத்தை அப்பாவிடம் வந்தாள். "மன்னார்குடிக்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுங்கண்ணே" என்றாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆல்பம் வந்த ராசி என்றார். அந்த நிமிடமே போன் போட்டார். அம்மா எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள், எனக்கு இரண்டு தடவை. கல்யாணம் என்றால் புதுப் பட்டுப்பாவாடை, மத்தாப்பு, லட்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. குதித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினேன்.

அத்தை டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"அத்தை, அந்தப் பாட்டப் பாடு."

"எந்தப் பாட்டு?"

"மூணாவது பாட்டு. நீ பாடுனது."

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "அதான் உங்கப்பா எடுத்துட்டாரேடி" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. கூடத்துக்கு ஓடி அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, ஒயர மாத்திப் போடுங்கப்பா. அத்தைக்குக் குரலே வரல."

அப்பா அப்போது உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக இருந்தார். என்னைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் வைத்தார். "அதெல்லாம் எப்பவோ மாத்தியாச்சுடி தங்கம்" என்றார்.

நான் நிம்மதியாக இறங்கி ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அப்பா ஒயரைச் சரியாக மாட்டிவிட்டார், இனிமேல் நீ பாடலாம் என்று.