வண்டி நம்பரில் திறந்த போன்

என் மனைவிக்கு மார்பில் கட்டி இருப்பதை மகளிடம் மறைத்திருந்தோம். அவள் துவாக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும் என்பதால் மனைவி போனில் பேசிப் பதிந்துதான் அனுப்புவாள். அன்று மதியம் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து, அவள் அனுப்பியதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு அம்மா வந்து உறையூர் போகணும் என்றார். கூச்சத்தில் அவசரமாக இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தேன். போன் சீட்டிலேயே கிடந்து, அவருடைய கட்டைப்பையில் விழுந்து, அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும்தான் தெரிந்தது. இன்னொரு டிரைவரின் போனிலிருந்து என் நம்பருக்குக் கூப்பிட்டு, அந்த அம்மாவிடம் இருப்பதைக் கேட்டுக்கொண்டு உறையூருக்கு ஓடினேன். அந்த அம்மா வாசலிலேயே போனோடு நின்றிருந்தார்.

"உங்களோடதா இருக்குமோன்னு வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன் தம்பி. திறந்துடுச்சு."

"நம்பர் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடி நம்பரைப் போட்டோ எடுத்துடணும்னு என் பையன் சொல்லியிருக்கான். கடைசியா வந்த பேச்சையும் கேட்டேன். பாவம், கட்டியில ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்களாமே! 'பாப்பா'ன்னு இருந்த நம்பருக்கு உடனே கூப்பிட்டு, போன் என்கிட்ட இருக்கு, வண்டி நம்பர்ல திறந்துச்சுன்னு சொல்லி, அம்மாவோட கட்டி இப்போ எப்படி இருக்குன்னும் கேட்டேன். பொண்ணு ஒரே அழுகை."

நல்ல மனசோடு செய்தவரிடம் என்ன சொல்வது? போனை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தேன். "வண்டி நம்பரையே வைங்கண்ணே, மறக்காது" என்று ஸ்டாண்டில் ஒருவர்தான் பூட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார். சாவியை வண்டியின் முதுகில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறேன்.

ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ திருடனுக்கு நாமளே போர்டு மாட்டி வெச்சிருக்கோமா?" என்று ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

வீட்டுக்குப் போனால் மகள் பஸ் பிடித்து வந்திருந்தாள், மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு. அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டி நம்பரையாப்பா வெச்சிருந்தீங்க?"

அன்றிரவே நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து போனின் பூட்டு நம்பரை மாற்றினேன்.

காலையில் என் ஆட்டோவிலேயே துவாக்குடிக்குக் கூட்டிப்போனேன். இறங்கியதும் போனைக் கேட்டு வாங்கினாள். தன் பிறந்த நாளைப் போட்டாள். திறக்கவில்லை. எங்கள் கல்யாண நாளைப் போட்டாள். அதற்கும் திறக்கவில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும்தான்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆனா அம்மாவோட ரிசல்ட் வந்தா என்கிட்ட மறைக்கக்கூடாது. நீங்கதான் சொல்லணும், வேற யாரும் இல்ல" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அது போதாதென்று அங்கேயே நின்றாள். "சொல்றேம்மா" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பரீட்சைக்கு உள்ளே போனாள்.