நூறு பைட்டில் நின்றுபோன பெயர்

சர்வர் வேலை பார்க்கிறேன் என்று தூத்துக்குடியில் யாரிடம் சொன்னாலும், "எந்த ஓட்டல்ல?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பார்ப்பது ஃபைல் சர்வர். ஓர் அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தங்கள் கோப்புகளைக் கொண்டுபோய் வைக்கும் பொதுப் பெட்டி அது. அதற்குள் ஓடும் நிரலை எழுதி, விற்ற இடங்களில் பழுதும் பார்க்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. இதே பிழைப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, பேசாமல் ஓட்டல் சர்வராகவே போயிருக்கலாம் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அங்கே கைதவறினால் சிந்துவது சாம்பார்தான், துடைத்துவிடலாம்.

கப்பல் ஆபீஸ்

முதல் பெட்டியை வைத்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில். அங்கே எல்லாமே ஆங்கிலம். கப்பல் பெயரும் கன்டெய்னர் எண்ணும்தான் கோப்புக்குப் பெயர். முப்பது எழுத்தைத் தாண்டி ஒன்றும் வந்ததில்லை.

கோப்பின் பெயரைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ள நிரலுக்குள் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பஃபர் என்போம். எவ்வளவு ஒதுக்குகிறோமோ அவ்வளவுதான் கொள்ளும். நான் நூறு பைட் ஒதுக்கினேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; நூறு எழுத்தில் எவன் பெயர் வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். மீறி வந்தால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்படியும் எழுதினேன். எச்சரிக்கை காட்டி வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம், அவ்வளவு நல்ல மனசு எனக்கு. ஒரு வருடம் கழித்து அந்த மேனேஜர் என்னை வழியில் பார்த்துச் சிரித்தார்: "தம்பி, ஒம்ம பெட்டி இங்கன இருக்கதே எங்களுக்கு மறந்துபோச்சு."

ஒரு 'ம'

இரண்டாவது பெட்டி திரேஸ்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனது. அதன் முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி. கல்யாணமோ காதுகுத்தோ, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் போடுவார், தமிழில்தான் பெயர் வைப்பார். முதலில் ஊர், பிறகு அப்பா பெயர், அதற்குப் பிறகுதான் ஆள், கடைசியில் விசேஷம். கல்யாணப் பத்திரிகையில் நாமும் அப்படித்தானே அடிக்கிறோம்? உள்ளே இருக்கும் வீடியோவுக்கு மட்டும் எல்லா ஃபோல்டரிலும் ஒரே பெயர்: 'ஃபைனல்'.

பழைய வேலைகளை எல்லாம் ஒரே மத்தியானத்தில் சர்வருக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து இடம் பண்ணினார் அண்ணாச்சி. மறு வாரம் போன் செய்தார். சில பெயர்கள் பாதியில் நிற்கின்றனவாம். ஒன்றை வாசித்தும் காட்டினார்: 'தருவைகுளம் சூசைமிக்கேல் பர்னாந்து ம'. அந்த 'ம', மகனா மகளா என்பதே தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. கப்பல் ஆபீஸில் வராத கோளாறு ஸ்டுடியோவில் வந்தால் அது ஸ்டுடியோவின் கோளாறு என்ற திமிர். சுருக்கமாக இங்கிலீஷில் பெயர் போடுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அண்ணாச்சி சொன்னார்: "சனங்க வந்து தமிழ்லதான தம்பி பேரு சொல்லுதாவ, நான் என்னத்த சுருக்க?"

சின்னவன்

நாலு மாதம் கழித்து அண்ணாச்சி உடனே வரச் சொன்னார். ஸ்டுடியோவில் மரியபுஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்தார். தருவைகுளம் சூசைமிக்கேலின் மனைவி. மூத்த மகன் அந்தோணி போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இருபத்துமூன்று வயது. வள்ளம் கவிழ்ந்ததில் அவனோடு அவன் போனும் கடலுக்குள் போய்விட்டது. அவன் குரல் இருப்பது ஒரே இடத்தில்தான் என்று அக்கா ஞாபகம் வைத்திருந்தார். பத்து வயதில் புதுநன்மை வாங்கிய அன்று, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, கோயிலில் மைக் முன்னால் நின்று அவன் மன்றாட்டு வாசித்தான். அண்ணாச்சிதான் வீடியோ எடுத்தார். வீட்டில் இருந்த சி.டி. கீறல் விழுந்து ஓடாமல் போய், இங்கே வந்திருக்கிறார்.

'ம'வில் முடிந்த அந்த ஃபோல்டர் ஒன்றுதான் இருந்தது. திறந்து ஓட விட்டேன். வெள்ளைச் சட்டையில் ஒரு பையன், கையில் மெழுகுதிரி. அக்கா திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். நடந்தது இதுதான். இரண்டு வருடம் கழித்துத் தம்பி சேவியரும் புதுநன்மை வாங்கியிருக்கிறான். அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ஒரே 'ம'வில் வெட்டுப்பட்டு இரண்டு ஃபோல்டரும் ஒன்றாகிவிட்டன. தம்பியின் 'ஃபைனல்' அண்ணனின் 'ஃபைனல்' மேல் ஏறி அதை அழித்துவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இது சின்னவன்லா தம்பி. பெரியவன் எங்கன இருக்கான்?"

இரண்டு இடத்தில் திருத்தம்

அழிந்ததை மீட்க இரண்டு நாள் சர்வரின் டிஸ்க்கோடு மல்லுக்கட்டினேன். ஒன்றும் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் நிரலைத் திறந்தேன். தமிழில் எழுத்தும் அதன் கொம்பும் காலும் புள்ளியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். 'தூத்துக்குடி' என்று ஆறு எழுத்து எழுதினால் முப்பத்தாறு பைட் போய்விடும். என் அப்பா நாசரேத்தில் தமிழ் வாத்தியார். அவர் மகன் எழுத்தை எண்ணிய லட்சணம் இது.

இடத்தைப் பெரிதாக்கினேன். வெட்டுவதற்குப் பதிலாக, பெயர் கொள்ளவில்லை என்று சொல்லி நிறுத்தும்படி செய்தேன். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். எங்கள் கம்பெனியில் சோதனை பார்க்கும் ஜெபா, சாத்தான்குளத்தில் தொடங்கித் தன் குடும்பத்துப் பெயர்களை எல்லாம் நீட்டி நீட்டிப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் முழுசாக நின்றன. அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்: "அண்ணே, இவ்ளோதானா? அப்ப அந்த அண்ணாச்சி போன் பண்ணுன அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா?"

நேரா நில்லுல

அக்காவை நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு மறுபடி போனேன். கம்ப்யூட்டர் கோளாறு என்று அண்ணாச்சி ஏற்கெனவே சமாளித்து வைத்திருந்தார். நான் விடவில்லை. "தப்பு என்னோடதுக்கா. பேருக்கு எடம் பத்தாம வச்சது நான்தான்," என்றேன். அக்கா சின்னவன் படத்தையாவது முழுசாகப் போடச் சொன்னார்.

பூசை முடிந்து, கோயில் வாசலில் சேவியரைத் தனியாக நிறுத்தி எடுத்திருந்தார்கள். அவன் ஒரு காலில் சாய்ந்து நெளிகிறான். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம்: "ஏலே, நேரா நில்லுல!" சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். அந்தோணி. பன்னிரண்டு வயது அந்தோணி. திரும்பப் போடச் சொன்னார், போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். அண்ணாச்சி எழுந்து வெளியே தெருவுக்குப் போய்விட்டார். எனக்கு அப்படிப் போகவும் வழியில்லை, மவுஸ் என் கையில் இருந்தது. அந்த மூன்று வார்த்தையை மட்டும் வெட்டி போனில் ஏற்றித் தரச் சொன்னார் அக்கா. வெட்டி எடுத்தேன். சேமிக்கக் கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. பழக்கத்தில் 'தருவைகுளம் சூசைமிக்கேல்' என்று தட்டத் தொடங்கினேன். அக்கா தடுத்தார்: "அந்தோணின்னு மொதல்ல போடுங்க தம்பி. ஊரும் அப்பன் பேரும் பொறவு வரட்டும்."

இப்போது எங்கள் சர்வர் ஊரும் அப்பன் பேருமாக நீளப் பெயர் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிறது. என்ன செய்ய, அந்தோணிக்கு வேண்டியிருந்தது வெறும் இருபத்தொரு பைட்.