மதாம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தது

கேரளத்தில் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் சாயங்காலம் கிளாரினெட் வாசிக்கிறேன். நாகர்கோவிலில் கல்யாண பேண்டில் பழகிய கை. எங்கள் ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் எந்த நாடு என்று ரிசப்ஷனில் கேட்டு, அந்த நாட்டுப் பாட்டு ஒன்றை அவர் மேஜைக்கே போய் வாசிக்க வேண்டும். அவர் கண் கலங்கினால் அதே பாட்டை இன்னொரு தடவை. அழுதால் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, சந்தோஷப்படுகிறார் என்று நினைப்போம். என் மரமண்டைக்கு அதற்கு மேல் ஏறியதில்லை.

போன டிசம்பரில் மேனேஜர் வந்தார். "சேட்டா, ஏழாம் டேபிள்ல ஒரு ஜெர்மன் மதாம்மா. தனியாட்டு வந்திருக்கு. நல்லதாட்டு ஒண்ணு வாசிக்கணும், கேட்டோ."

யூடியூபில் பார்த்து ஒரு பழைய ஜெர்மன் பாட்டைப் பாடம் பண்ணி வைத்திருந்தேன். துள்ளலான மெட்டு. அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். நாலு வரி தாண்டியதும் ஸ்பூனைக் கீழே வைத்தார். கண்ணீர் வழிந்தது. எனக்கோ ஒரே குஷி. இன்னும் நெருங்கிப் போய் முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். சனியன் பிடித்த குஷி! மேனேஜர் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

முடித்ததும் அந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். நிதானமான இங்கிலீஷில் பேசினார். அவருடைய அப்பா யூதர், பெர்லினில் ஜாஸ் வாசித்தவர். அவரும் கிளாரினெட்தான். நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். வெளியே தடை செய்த ஜாஸை உள்ளே அதிகாரிகள் ஆசையாகக் கேட்டார்களாம். அந்த வாசிப்பால்தான் அவர் உயிர் தப்பியது. ஆனால் ரயிலில் வந்தவர்களைச் சாவுக்கு அனுப்பும்போதெல்லாம் பக்கத்தில் நின்று இந்தத் துள்ளல் பாட்டையும் வாசிக்க வேண்டும்.

"ரேடியோவில் இது ஆரம்பித்தாலே அப்பா அணைத்துவிடுவார். முழுசாக இன்றைக்குத்தான் கேட்டேன்" என்றார்.

அடப்பாவி, அதையா நான் இரண்டு தடவை வாசித்தேன்! மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அவர் மேலேயே குறை சொல்வதுபோல், "கையைக் காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேனே அம்மா" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் கோபப்படவில்லை.

"முகாமில், வாசிக்கிறவனிடம் அதிகாரி போதும் என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் அன்றோடு முடிந்தான் என்று அப்பா சொல்வார்" என்றார். "உங்களைப் போய் நான் எப்படி நிறுத்தச் சொல்வேன்?"