வின்னி தட்டிய கதவுகள்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் ஓர் எஃகு நகரத்தில், லார்ச் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினான்கு வருடம் செயலாளராக இருந்தாள் வின்னி. தெரு முழுக்க நகராட்சியின் வாடகை வீடுகள். ஒரு வீட்டில் கூரை ஒழுகினால் போதும், நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு போய் நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆள் அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

1981-ல், குடியிருப்பவர்களே வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆளுங்கட்சி கொண்டுவந்த புதுச் சட்டம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. "ஆளாளுக்கு வாங்கினா, அப்புறம் ஆளுக்கொரு நியாயந்தான், வாங்காதீங்க" என்று வின்னி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இருபத்தாறு வருடம் உழைத்த உருக்காலை அப்போதுதான் அவள் புருஷன் கிளிஃபர்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு நாள் காலை விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தான்.

"கையெழுத்துப் போடு, வின்னி."

"தெருவுல என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்குறது?"

"ஆலைய மூடினப்ப யூனியனும் இருந்துச்சு, ஊரும் இருந்துச்சு. என்னத்த நிறுத்த முடிஞ்சுது? இந்த நாலு சுவராவது நம்மளதுன்னு இருக்கட்டும்."

அவன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். அவள் போட்டாள். அன்றே செயலாளர் பதவியையும் விட்டாள். யாரும் அவளை ஏசவில்லை. "வின்னியே வாங்கிட்டா, நமக்கென்ன" என்று ஒருவர் பின் ஒருவராக வாங்கத் தொடங்கினார்கள். ஏச்சைவிட அதுதான் அவளைச் சுட்டது.

நான்கு வருடத்தில் வாடகைக்கு மிஞ்சியவை ஏழெட்டு வீடுகள். அதில் ஒன்று எதிர்வீட்டு விதவை எனிட்டுடையது. அந்தக் குளிர்காலத்தில் எனிட்டின் கூரை ஒழுகி, கட்டில் அடுப்படிக்கு வந்துவிட்டது. வின்னி பழையபடி கதவுகளைத் தட்டினாள்.

"எங்க கூரைய நாங்கதான மாத்துனோம்?" என்றான் ஒருவன்.

"நீயுந்தான வாங்கின?" என்றாள் இன்னொருத்தி.

கடைசியில் எனிட்டும் அவளும் மட்டுமே நகராட்சிக்குப் போனார்கள். அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு வின்னியைப் பார்த்தார். "நீங்க வீட்டுச் சொந்தக்காரங்க. இதுல நீங்க பேச இடமில்லம்மா. வெளிய இருங்க."

பத்து நிமிடத்தில் எனிட் வெளியே வந்தாள்.

"கூரையச் சரிசெய்ய ஆகாதாம். ஊருக்கு அந்தக் கோடியில, எட்டாவது மாடியில வீடு தராங்களாம்."

"நான் வந்து காரியத்தக் கெடுத்துட்டேன்."

"வந்தவ நீ ஒருத்திதான். சாமான் கட்டணும், வரியா?"

வின்னி போனாள். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். கிளிஃபர்ட் கட்டிலைக் கழற்றி வண்டியில் ஏற்றினான்.

அதே ஆளுங்கட்சி மறுபடி நின்ற அடுத்த பொதுத் தேர்தலில், கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தே ஓட்டுப் போடப் போன அந்த இருவரும் தனித்தனியாகப் போய் வந்தார்கள். யாருக்குப் போட்டாய் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.