சிவப்பு விளக்கும் தாதன்குளம் ஸ்டேஷனும்

"செப்டம்பர் 9, செவ்வாய். காலை 7.50: சிவப்பு. 8.35: பச்சை. 8.41: சிவப்பு. 12.20: பச்சை. 12.24: சிவப்பு. மாலை 5.00: சிவப்பு. இன்றும் சண்முகத்துடன் பேச முடியவில்லை. 7.15: பச்சை."

மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் என் மகள் வீட்டு வைஃபை பெட்டியைப் பற்றி நான் எழுதிவந்த நோட்டின் ஒரு பக்கம் இது. தாலுகா அலுவலகப் பதிவறையில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன் நான். எது நடந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டால்தான் அது நடந்ததாக மனம் ஒப்புக்கொள்ளும். மனைவி போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் செல்வி என்னை இங்கே அழைத்துவந்தாள். வந்து எட்டு மாதம். இந்த ஊரின் கோபுரங்களையும் ரயில்களையும் பற்றி எழுதுவேன் என்று ஊரில் நண்பர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதியதோ, ஒரு சின்ன விளக்கு பச்சையாகவும் சிவப்பாகவும் எரிந்த கணக்குதான்.

அந்த விளக்கு எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி சண்முகம் பாளையங்கோட்டையில் இருக்கிறான். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், பழகிய குரலில் பழகிய வரிசை எதையாவது தினமும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். கிழமைகள், மாதங்கள் எதுவும் பலிக்கவில்லை. எனக்கு ரயில் நினைவுக்கு வந்தது. எங்கள் சொந்த ஊர் திருச்செந்தூர். கல்லூரிக்கு இருவரும் திருநெல்வேலி வந்து மாலை பாசஞ்சரில் திரும்புவோம். சண்முகம் கதவருகே தொங்கிக்கொண்டு, ஸ்டேஷன் கண்ணில் படும் முன்பே அதன் பெயரைக் கத்துவான். பெட்டியில் இருப்பவர்கள் "கார்டு வேலையை இவனுக்கே குடுத்துரலாம்" என்று சிரிப்பார்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். வீடியோவில் நான் "திருநெல்வேலி, அடுத்து?" என்பேன். வாய் ஒருபக்கம் இழுக்க, அவன் முயல்வான். இரண்டு மாதத்தில் தாதன்குளம் வரை வந்தான். அங்கேயே நின்றான். இந்தியாவில் பிற்பகல் இரண்டரை, இங்கே மாலை ஐந்து. வாரத்தில் பல நாள் அந்த நேரத்தில்தான் பெட்டி சிவக்கும்.

செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போட்டேன். முப்பது விநாடி கழித்தும் போட்டேன். பிளக்கை மாற்றினேன். ரௌட்டரை டிவி மேசையிலிருந்து குளிர்பெட்டியின் தலைக்கு ஏற்றினேன். ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதினேன். கைப்பேசி டேட்டாவில் பேசலாமே என்று கேட்பீர்கள். கட்டடத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட வீடு இது. உள்ளே சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. கீழே இறங்கிப் போனால் கிடைக்கும். இறங்க முடியாது. அதற்கான காரணத்தையும் எழுதத்தான் வேண்டும்.

வந்த புதிதில் ஒருநாள் சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் பார்க்கப் போனேன். கிள்ளான் போகும் கொம்யூட்டர் ரயிலின் பலகைக்குக் கீழே நின்று ஊர்களை வாசித்து முடித்துத் திரும்பினால், ஒரே மாதிரி மூன்று கட்டடங்கள். எது நம்முடையது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் காவலாளி ஒருவர் கொண்டுவந்து விட்டார். வீட்டுக் கதவை வேறு திறந்துபோட்டுப் போயிருந்தேன். செல்வி திட்டவில்லை. மறுநாள் காலை, மரக்கதவுக்கு வெளியே இருக்கும் இரும்புக் கிரில்லை இழுத்துச் சாத்தி வெளிப்பக்கம் பூட்டினாள். "ஒரு மாசத்துக்கு மட்டும்ப்பா. அக்கம்பக்கம் பழகட்டும்" என்றாள். அது ஏழு மாதமாயிற்று. அவள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். மருமகன் ரவி கிள்ளான்காரர், துறைமுகத்தில் வேலை. அவர் விடியும்போதே போய்விடுவார். பகல் முழுவதும் நான் உள்ளே.

சொன்னால் அவர்கள் நம்பவில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும்போது பெட்டி பச்சையாகவே இருக்கும்.

"நேத்து பூரா நான் பந்து மேட்ச் பாத்தேன் மாமா, ஒரு தடவகூட நிக்கல லா" என்றார் ரவி. "உங்க தம்பி ஊர்லதான் லைன் சரியில்ல போல."

"அப்பா, நீங்க எதையாவது புடுங்கி மாட்டுதீங்களா?" என்றாள் செல்வி.

"மாமா தொட்டாலே மிஷினுக்குப் பயம் வந்துருது" என்று ரவி சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை டெக்னீஷியன் வந்தார். நரைத்த தாடி வைத்த மலாய்க்காரர். எல்லாரும் வீட்டில், கிரில் விரியத் திறந்திருந்தது. கருவியை மாட்டிப் பார்த்தார். "ஓகே லா அங்கிள், லைன் சந்தேக்" என்றார். அருமையாக இருக்கிறதாம். நான் நோட்டை நீட்டினேன். தமிழ் எழுத்தும் ஆங்கில எண்களுமாய் நிறைந்திருந்த பக்கங்களை மரியாதையாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் விடவில்லை. தினமும் அழைக்கச் சொல்லி மகளை நச்சரித்தேன். செப்டம்பர் 18, வியாழன், மாலை 4.30 மணிக்கு அதே மனிதர் மறுபடி வந்தார். அன்று வீட்டில் நான் மட்டும். மரக்கதவைத் திறந்தேன். கிரில்லுக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான்.

"அங்கிள், ஓபன் லா."

நான் திறக்கவில்லை. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து அடையாள அட்டையைக் கம்பிக்குள் நீட்டினார். வெட்கத்தோடு பூட்டைக் காட்டி, "கீ... டாட்டர்" என்றேன். அவர் முகம் மாறியது. குரலைத் தணித்து, "அங்கிள், சாக்கிட்?" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். மருமகனிடமிருந்து கற்ற நாலு மலாய் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

"நோ, நோ. ரௌட்டர் சாக்கிட்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு தலையைச் சாய்த்தவர், கிரில்லின் கீல் பக்கம் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். தாழ்வாரத்திலிருந்து வரும் மெல்லிய வெள்ளை வயர் அந்த இடுக்கு வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. கிரில்லைச் சாத்திப் பூட்டினால் சட்டம் அதை அழுத்தி மடக்கிவிடுகிறது. உள்ளே இருப்பது கண்ணாடி இழையாம். மடங்கினால் ஒளி போகாது. காற்றில் கிரில் அசைந்த நேரங்களில் நாலு நிமிடம் பச்சை வந்ததும் அதனால்தான். அவர் இதையெல்லாம் கையை மடக்கி நிமிர்த்திக் காட்டியே விளக்கினார். கிரில்லைத் திறக்காமல் வயரை எடுக்க முடியாது. மகள் ஏழு மணிக்குத்தான் வருவாள். மறுபடி ஒருநாள் வருவதாக எழுதிக்கொண்டு, போகுமுன் கீல் பக்கத்து இடுக்கில் அட்டைத்துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போனார்.

விளக்கு பச்சையானது. சரியாக ஐந்துக்கு சண்முகம் திரையில் வந்தான். தம்பி மனைவி கோமதி பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "திருநெல்வேலி, அடுத்து?" என்றேன். பாளையங்கோட்டை வந்தது. செய்துங்கநல்லூர் கஷ்டப்பட்டு வந்தது. தாதன்குளம் வந்தது. வழக்கமாக அங்கே அவன் கண்கள் என்னைவிட்டு விலகிவிடும். அன்று விலகவில்லை. உதடு குவிந்தது. திரை அப்படியே உறைந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அட்டை கீழே விழுந்து கிடந்தது. மறுபடி செருகக் கையை நீட்டினால், உள்பக்கத்திலிருந்து இடுக்கு எட்டவில்லை. கீல் பக்கத்துச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளியே தள்ளினேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் ரௌட்டர் பச்சை. மேசையில் கைப்பேசி, இணைப்பு திரும்பியதாக ஓர் ஒலி எழுப்பியது. கையை எடுத்தேன், சிவப்பு. மறுபடி தள்ளினேன், அதே ஒலி. பத்தடி தூரத்தில் கைப்பேசி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி எத்தனை முறை என்று அன்று மட்டும் எண்ணவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து, பெயர் தெரியாதவர்களை அழைக்கும் முறையில், "அக்கா! யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினேன்.

மேரி ஆன்டி வந்தார். ரயில்வே குடியிருப்பில் பிறந்து இங்கேயே ஓய்வுபெற்ற கத்தோலிக்கப் பெண்மணி என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஏழு மாதமாகத் தலையசைப்போடு சரி.

"என்ன அங்கிள் இது, உள்ளுக்கு வெச்சு லோக் பண்ணிட்டாங்களா? தீ கீ புடிச்சா எப்புடி லா?"

"அது அப்புறம். இதைக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துப் புடிக்கணும். என் தம்பி பேசுறான்."

"இழுத்தா தம்பி பேசுவாரா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியை நிறுத்தினார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். "போங்க, போங்க. கை விட்டுப் போறதுக்குள்ள பேசுங்க."

திரையில் கோமதி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அத்தான், கேட்டியளா? எல்லா ஸ்டேஷனும் சொல்லிட்டாவ! திருச்செந்தூர் வரைக்கும்! உங்களப் பாத்துதான் சொன்னாவ!" அவர்கள் திரையில் என் முகமும் உறைந்து, கேட்பதுபோலவே இருந்திருக்கிறது. சண்முகம் களைத்துக் கண்மூடியிருந்தான்.

மாலை செல்வியிடம் வயரைக் காட்டி நோட்டையும் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். விரலை ஓரிடத்தில் வைத்து, "ஏழு அம்பது. நான் கிளம்புற நேரம்" என்றாள். இன்னொரு பக்கத்தில், "ஏழே கால். நான் வர்ற நேரம்." அதற்குமேல் படிக்கவில்லை. மறுநாள் வரும்போது புதுச் சாவி ஒன்றை மேசையில் வைத்தாள். அடுத்த வாரம் வயர் கதவின் தலைக்கு மேல் புதிய துளை வழியாக மாறிவிட்டது.

இப்போது விளக்கு எந்நேரமும் பச்சை. சாவி சட்டைப்பையில் இருக்கிறது. காலையில் மேரி ஆன்டியோடு சந்தை வரை போகிறேன். ஞாயிறுகளில் ரவியோடு கிள்ளான் போகையில் சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று ஸ்டேஷன் வருமுன்பே என் வாய் முணுமுணுக்கிறது. ஆனால் மணி ஐந்தானால் எங்கிருந்தாலும் திரும்பிவிடுவேன். சண்முகம் தாதன்குளத்தில்தான் நிற்கிறான். அந்த வியாழனுக்குப் பிறகு ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. கோமதியிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல்முறை எல்லா ஸ்டேஷனும் என்றாள். அடுத்தமுறை, நடுவில் ஒன்றிரண்டு விட்டிருக்கலாம் என்றாள். மூன்றாம் முறை, "நம்புங்கத்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்று அவர்கள் அறையில் வேறு யாரும் இல்லை. யாரும் பதிவுசெய்யவில்லை. எனவே நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்:

"செப்டம்பர் 18, வியாழன். மாலை 5.06 முதல் 5.15 வரை இணைப்பு இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் சண்முகம் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்ததாகக் கோமதி சொல்கிறாள். நான் அப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உறுதி செய்யப்படவில்லை."